வீட்டு நர்ஸ் வேலை: தூக்கம், லீவு, முதுகு, மனசு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடுகளில் தங்கியோ போய்வந்தோ நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ்களும் உதவியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் ஏஜென்சி வழியாகக் கேஸ் எடுப்பவர்களை மனதில் வைத்துத் தொகுத்திருக்கிறோம். நோயாளியின் வீட்டாரும் படிக்கலாம். படித்தால் பாதிப் பிரச்சினை தொடங்கும் முன்பே தீர்ந்துவிடும்.

24 மணி டூட்டிக்குத்தானே சம்பளம் ஜாஸ்தி? அதையே எடுத்துடலாமா?

மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள். உதாரணத்துக்கு 24 மணி டூட்டிக்கு 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 நாளும் இருந்தால் 720 மணி நேரம்; மணிக்கு 33 ரூபாய் சொச்சம். சாப்பாடும் தங்குமிடமும் மிச்சம் என்று இன்னொரு 6,000 சேர்த்தால்கூட 42 ரூபாயைத் தொடாது. 12 மணி டூட்டிக்கு 18,000, மாதம் 26 நாள் என்றால் 312 மணி நேரம். மணிக்கு 57 ரூபாய்க்கு மேல் வரும்.

பஸ்ஸில் கழிவதும் உங்கள் நேரம்தான். போக ஒன்றரை, வர ஒன்றரை மணி நேரம் என்றால் நாளுக்கு 15 மணி நேரமாகி, மணிக்கு 46 ரூபாயாக இறங்கும். இந்தக் கணக்குப்படி போக்குவரத்து நாளுக்கு நாலரை மணி நேரத்தைத் தாண்டினால்தான் 24 மணி டூட்டி லாபம். உங்களுக்குச் சொன்ன தொகையைப் போட்டு நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்க இடமில்லாததாலேயே 24 மணி டூட்டிக்குத் தள்ளப்படுகிறார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தமிழக அரசு நடத்தும் தோழி விடுதி உங்கள் ஊரில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

24 மணி நேரம்னா ராத்திரி முழுக்க முழிச்சே இருக்கணுமா?

இல்லை. அந்த வீட்டில் 24 மணி நேரமும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எந்த நோயாளி என்பதைப் பொறுத்து அது முழு விழிப்பாகவே மாறிவிடும். பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகி, மூக்கு வழியாக டியூப் போட்டிருக்கும் ஒருவரின் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். 10 மணிக்குக் கடைசி ஃபீட். அதற்குப் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் தலைமாடு உயர்ந்தே இருக்க வேண்டும். படுக்கைப்புண் வராமலிருக்க 12 மணிக்கு ஒரு பக்கம், 2 மணிக்கு மறுபக்கம், 4 மணிக்கு மறுபடியும். நடுவில் டயப்பர், யூரின் பேக். 6 மணிக்குக் காலை ஃபீட். இதில் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம்கூடத் தூங்க முடியாது. நாலு நாள் தாங்கும், நாற்பது நாள் தாங்காது.

ஆகவே கேஸ் எடுக்கும் முன் ஏஜென்சியிடம் கேட்க வேண்டியது நோயின் பெயரை அல்ல, "ராத்திரி 10லேர்ந்து 6 வரைக்கும் எத்தனை தடவை எழுந்திருக்கணும்?" என்பதை. பாத்ரூம் போக இரண்டு முறை எழுப்புகிறவர் என்றால் ஒருவரே சமாளிக்கலாம். இரண்டு மணிக்கொரு தடவை திருப்ப வேண்டும் என்றால் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் தேவை. தொண்டையில் மூச்சுவிடத் துளை (டிரக்கியாஸ்டமி) இருந்து, சளியை உறிஞ்சி எடுக்கச் சக்‌ஷன் போட வேண்டியிருந்தால் தனியாளாக 24 மணி டூட்டியை ஒப்புக்கொள்ளவே கூடாது. சளி அடைத்துக்கொள்ளும்போது நீங்கள் அசந்து தூங்கினால் போவது உயிர்.

அவங்களால ரெண்டு பேர் வைக்க முடியாதாம். வேற வழியே இல்லையா?

இரண்டு வழி உண்டு. ஒன்று, 2 மணித் திருப்பலை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்வது. மகனோ மருமகளோ அந்த ஒரு தடவை எழுந்தால் 12லிருந்து 4 வரை உங்களுக்கு முழுத் தூக்கம் கிடைக்கும். இரண்டு, ஏர் பெட். காற்று மாறி மாறி நிரம்பும் மெத்தை இருந்தால் திருப்பும் இடைவெளியைக் கொஞ்சம் நீட்ட மருத்துவர் சம்மதிக்கலாம். ஏர் பெட் வந்துவிட்டது என்று நீங்களாகத் திருப்புவதை நிறுத்தாதீர்கள்.

இடைவெளியை நீட்டிய பிறகு ஒவ்வொரு தடவையும் வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, பிறகு நிறம் திரும்ப வேண்டும். அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்குகிறது என்று பொருள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, கல்லுப்போல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் இடைவெளியைப் பழையபடி குறைத்துவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

முதல் நாளே லீவு, தூக்கம்னு பேசினா வேற ஆளைப் போட்டுடுவாங்களே?

சில வீடுகளில் அப்படி நடக்கும், மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் முதல் நாள் கேட்டால் அது பேச்சுவார்த்தை, இருபதாவது நாள் கேட்டால் அது புகார். அதனால் முதல் நாளே கேட்பதுதான் சுலபம். ஏஜென்சியின் ஒருங்கிணைப்பாளரிடம் போனில் சொல்வதோடு நிறுத்தாமல் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் போடுங்கள். வார லீவு எந்த நாள், உங்களுக்குப் பதில் வரும் ரிலீவர் யார், படுக்க எங்கே இடம், எந்தப் பாத்ரூம், மூன்று வேளைச் சாப்பாடு எத்தனை மணிக்கு, பகலில் தொடர்ச்சியாக எந்த இரண்டு மணி நேரம் ஓய்வு. இவ்வளவு போதும்.

வீட்டாரிடம் பேசும்போது நோயாளியை முன்வைத்தே பேசலாம். "மேடம், ஐயாவுக்கு இன்சுலின் நான்தான் போடறேன். ராத்திரி சரியாத் தூங்கலைன்னா யூனிட் தப்பாயிடும். மதியம் ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் நீங்க கொஞ்சம் பக்கத்துல இருந்தீங்கன்னா நான் படுத்து எழுந்துடறேன்." இது சாக்கு அல்ல, உண்மை. அதனால்தான் எடுபடுகிறது.

ரிலீவர் வரலை. கிளம்பவும் முடியல, இருக்கவும் முடியல. என்ன பண்றது?

நோயாளியைத் தனியாக விட்டுவிட்டுக் கிளம்பக் கூடாது. அதற்காக, கேட்பாரில்லாமல் அடுத்த டூட்டியும் உங்கள் தலையில் விழ விடவும் கூடாது. ரிலீவர் கிளம்பிவிட்டாரா என்று உங்கள் டூட்டி முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். வரவில்லை என்று தெரிந்ததும் ஏஜென்சிக்கு நேரம் குறிப்பிட்டுச் செய்தி அனுப்புங்கள்: "இரவு 8 மணிக்கு என் டூட்டி முடிந்தது. ரிலீவர் வரவில்லை. 10 மணி வரை இருக்கிறேன். கூடுதல் நேரத்தைக் கணக்கில் சேர்க்கவும்." மாதக் கடைசியில் கூடுதல் பணம் கேட்க இந்த ஒரு வரிதான் ஆதாரம்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும் லேசான போதையில் இருப்பவருடைய அளவுக்குக் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே அந்தக் கட்டத்தை நெருங்கும்போது இன்சுலின், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், வலிப்பு மாத்திரை எதையும் ஒற்றைக் கண்ணால் பார்த்துக் கொடுக்காதீர்கள். வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டுச் சீட்டையும் மருந்தையும் சத்தமாகப் படிக்கச் சொல்லி, இருவரும் சரிபார்த்த பிறகு கொடுங்கள்.

நைட் டூட்டி முடிச்சு வந்தா படுக்கறேன், தூக்கம்தான் வரல. ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணம். முதலாவது, விடியற்காலை 4 மணி டீ. அதிலிருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும்; 9 மணிக்குப் படுக்கும்போதும் அது உடம்பில் இருக்கும். கடைசி டீயை 2 மணியோடு நிறுத்துங்கள். இரண்டாவது, வரும் வழியில் முகத்தில் அடிக்கும் காலை வெயில். அது மூளைக்குப் பகல் என்று சொல்லிவிடும். துப்பட்டாவையோ முந்தானையையோ நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது, வெறும் வயிறு அல்லது நிறைந்த வயிறு. இரண்டு இட்லி போதும், பூரி வேண்டாம்.

ஜன்னலுக்குக் கெட்டித் துணியாகப் போட்டு அறையை இருட்டாக்கி, 9லிருந்து 1 அல்லது 2 வரை படுங்கள். தூக்கம் பற்றவில்லை என்றால் டூட்டிக்குக் கிளம்பும் முன் மாலையில் இன்னொரு ஒன்றரை மணி நேரம். லீவு நாளிலும் காலையில் இரண்டு மணி நேரமாவது அதே வேளையில் படுத்தால் உடம்பு குழம்பாது. ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறோம்: நோயாளியின் மருந்துப் பெட்டியில் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் அல்பிரசோலம் இருக்கிறது என்று ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். பழகினால் விடாது. எண்ணிக்கை குறைந்தால் பழியும் வரும்.

"பகல்ல வீட்டுலதானே இருக்கே"ன்னு வீட்டு வேலை எல்லாம் என் தலையிலயே. இதுக்கென்ன வழி?

தூங்கும் நேரத்தைக் காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். கேலி செய்வார்கள், பத்து நாளில் பழகிவிடும். கேஸ் சிலிண்டர், கூரியர், பக்கத்து வீட்டுச் சாவி எல்லாவற்றுக்கும் வேறொருவர் நம்பரைக் கொடுங்கள். பிள்ளைகள் 4 மணிக்குப் பள்ளி விட்டு வரும்போது நீங்கள் எழுந்து இருப்பது, அதற்கு முன் யாரும் எழுப்பாமலிருப்பது என்று ஓர் ஒப்பந்தம் போதும். தங்கி வேலை பார்ப்பவர்களுக்கு: பிள்ளைகளுடன் வீடியோ காலுக்கு ஒரு நேரத்தைக் குறித்து, அதை நோயாளியின் வீட்டாருக்கும் சொல்லிவைத்துவிடுங்கள். கிடைத்த நேரத்தில் பேசிக்கொள்ளலாம் என்றால் கிடைக்காமலே போகும்.

முதுகு வலி உயிர் போகுது. எல்லா சிஸ்டருக்கும் இது சகஜம்தானே?

பலருக்கும் இருக்கிறது என்பதால் அது சகஜமாகிவிடாது. அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ், நோயாளியைக் கையால் தூக்குவதற்கு வைத்திருக்கும் உச்ச அளவே சுமார் 16 கிலோ. 60 கிலோ ஐயாவை அக்குளில் கைகொடுத்து இழுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. அப்படி இழுத்தால் பக்கவாதம் வந்த பக்கத்துத் தோள்மூட்டு விலகிவிடும் ஆபத்து வேறு.

முதலில் ஒரு பருத்திப் பெட்ஷீட்டை நாலாக மடித்து, நோயாளியின் தோளிலிருந்து தொடை வரை அடியில் வரும்படி விரித்து வையுங்கள். மேலே ஏற்றிப் போட வேண்டுமானால் ஆளைத் தொடாமல் இந்த விரிப்பைத்தான் பிடித்து இழுக்க வேண்டும். பக்கத்துக்கு ஒருவர் நின்று, விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஒரே சமயத்தில். தலைமாட்டைத் தட்டையாக்கிவிட்டு இழுத்தால் பாதி பலம் போதும். ஆனால் ஃபீட் கொடுத்து ஒரு மணி நேரம் ஆகாமல் தட்டையாக்கக் கூடாது. தனியாளாக ஒருக்களித்துப் போட, உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் கையை நெஞ்சின் மேல் வைத்து, அதே பக்கத்து முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கைவைத்து உங்கள் பக்கமாகப் புரட்டுங்கள். எதிர்ப்பக்கம் தள்ளினால் விழுந்துவிடுவார். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து நின்றால், புரட்டும்போது எடை பின்காலுக்குப் போகும், முதுகு வளையாது.

வீட்டுக் கட்டில் முழங்கால் உயரம்தான் இருக்கும். அதில் ஸ்பான்ஜ் பாத் கொடுத்தால் முக்கால் மணி நேரம் குனிந்தே நிற்க வேண்டியிருக்கும். உயரம் மாற்றும் மருத்துவமனைக் கட்டில் வாடகைக்குக் கிடைக்கிறது, வாங்கச் சொல்லுங்கள். வேலை செய்யும்போது உங்கள் இடுப்பு உயரம், முடிந்ததும் தாழ்த்திவிட வேண்டும். வலி காலுக்குள் இறங்கி மரத்துப்போனால், அல்லது சிறுநீர் போவதில் கட்டுப்பாடு குறைந்தால் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

குடும்பத்துக்கே சமைக்கச் சொல்றாங்க. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?

நோயாளியின் கஞ்சி, டியூப் ஃபீட், அவர் துணி, அவர் அறை, அவர் பாத்திரம் எல்லாம் உங்கள் வேலை. மற்றவர்களுக்கான சமையலும் வீடு பெருக்குவதும் இல்லை. காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "நான் அடுப்படியில நின்னா அம்மா தனியா எழுந்திருச்சு விழுந்துடுவாங்க." ஒருநாள் அன்புக்குச் செய்வதில் தவறில்லை. ஆனால் தினப்படி ஆகிவிட்டால் அது ஏஜென்சிக்குத் தெரிந்து, தனிச் சம்பளத்தோடு நடக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்குப் பிறகு வருகிற பெண்ணுக்கும் அது கடமையாகிவிடும்.

பேஷண்ட் ரூம்லயேதான் படுக்கச் சொல்றாங்க, அங்க கேமரா இருக்கு. சரியா?

நோயாளியின் கட்டிலைப் பார்த்தபடி கேமரா வைப்பது வீட்டாரின் உரிமை. மருந்து, நகை விஷயத்தில் அது உங்களுக்கும் பாதுகாப்பு. ஆனால் நீங்கள் உடை மாற்றும் இடமும் படுக்கும் இடமும் அதில் விழக் கூடாது. கேமரா எதைப் பார்க்கிறது என்று மொபைலில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பெண் உடை மாற்றுவதை அவளறியாமல் படம் பிடிப்பது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றம். படுக்க ஒரு மறைப்பும், தரையென்றால் ஒரு மெத்தையும் கேட்பது அதிகப்படியல்ல. பாத்ரூம் போகத் தயங்கித் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வரும். பாத்ரூம் எது என்று முதல் நாளே கேட்கச் சொன்னது இதற்காகவும்தான்.

வீட்டுல ஒருத்தர் தப்பா நடந்துக்கறார். யாருகிட்ட சொல்றது?

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மறதிநோய் முற்றிய நோயாளி சில சமயம் தன்னறிவில்லாமல் கையைப் பிடிப்பார், ஆடையைக் கழற்றுவார். அதை நோயின் பகுதியாக எழுதிவைத்து மருத்துவருக்குச் சொல்லுங்கள். குளிப்பாட்டும்போது வீட்டு ஆண் ஒருவர் கூட இருக்கட்டும், அல்லது ஆண் உதவியாளரைக் கேளுங்கள். நோய்தானே என்று சகித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. கேஸ் மாற்றிக் கேட்கலாம்.

தன்னறிவுள்ள எவர் செய்தாலும் அது பாலியல் துன்புறுத்தல். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான். ஏஜென்சியில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் அங்கே இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் எழுத்தில் புகார் தரலாம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிப்பார்கள். உடனடி உதவிக்கு 181 என்ற பெண்கள் உதவி எண். அன்றைக்கு வெளியேறி வந்ததற்காகச் சம்பளத்தைப் பிடித்தால் அதையும் புகாரில் சேருங்கள்.

ஊசி குத்திடுச்சு. சொன்னா வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு.

பயத்தைவிட நேரம் முக்கியம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், பிளீச் ஊற்ற வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம். உடனே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று முடிவானால் முதல் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நோயாளியின் ரத்தத்தையும் உங்கள் ரத்தத்தையும் பரிசோதிப்பார்கள்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முன்பே போட்டிருந்தால் பெரிய கவலை ஒன்று குறையும்: 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி. கடைசி ஊசி போட்ட ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்பொருள் அளவு பார்த்து, 10க்கு மேல் இருந்தால் போதும். ஊசி குத்துவது பெரும்பாலும் மூடியைத் திரும்பப் போடும்போதுதான். மூடாமல், கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, முக்கால் நிரம்பியதும் மூடிவிடுங்கள்.

இது வெறும் அசதியா, இல்ல மனசு சம்பந்தப்பட்டதான்னு எப்படித் தெரியும்?

இரண்டு நாள் நன்றாகத் தூங்கினால் அசதி போய்விடும். தூங்கி எழுந்தும் டூட்டிக்குப் போக நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது, நோயாளி இருமினால்கூட எரிச்சல் வருகிறது, கையைச் சற்று முரட்டுத்தனமாகப் பிடித்துவிட்டுப் பிறகு அழுகை வருகிறது, மருந்து கொடுத்தோமா இல்லையா என்று அடிக்கடி மறந்துபோகிறது என்றால் அது வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 இலவச எண். தமிழிலேயே பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அப்போதே கூப்பிடுங்கள்.

ரெண்டு வருஷம் பார்த்துக்கிட்ட பாட்டி இறந்துட்டாங்க. மறுநாளே வேற கேஸ் போகச் சொல்றாங்க. அழுகைகூட வரல.

கேஸ் முடிந்தது என்ற ஒரே வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடுவதுபோல் நடத்துவார்கள். வேலையும் அன்றே நிற்கும், சம்பளமும் நிற்கும். அழுகை வராமல் இருப்பது கல்மனசு அல்ல. பல மாதத் தூக்கமின்மைக்குப் பிறகு உடம்பு முதலில் தூங்கத்தான் கேட்கும். வீட்டார் சம்மதித்தால் காரியத்துக்குப் போய் வாருங்கள். அடுத்த கேஸுக்கு முன் மூன்று நாளாவது இடைவெளி கேளுங்கள். அதற்குக் கைக்காசு வேண்டும் என்பதால், மாதச் சம்பளத்தில் ஒருநாள் கூலியைத் தனியாக எடுத்துவைப்பவர்களால்தான் அந்த இடைவெளியை எடுக்க முடிகிறது. அடுத்ததும் இறுதிக்கட்ட நோயாளியாக வேண்டாம் என்று ஏஜென்சியிடம் தாராளமாகச் சொல்லலாம்.

ஈ.எஸ்.ஐ., பி.எஃப். கேட்கலாமா? சர்டிஃபிகேட் வேற வாங்கி வெச்சிருக்காங்க.

கேட்கலாம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஏஜென்சியில் 21,000 ரூபாய் வரை மாதச் சம்பளம் வாங்குபவருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். தகுதிக்கான நாட்கள் கட்டியிருந்தால், உடம்பு சரியில்லாத நாட்களுக்கு 70 சதவீதக் கூலி, வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். லீவு எடுத்தால் சோறில்லை என்ற நிலையை மாற்றுவது இதுதான். ஏஜென்சி உங்களை ஊழியராகக் காட்டாமல் கமிஷன் மட்டும் எடுப்பதாக இருந்தால் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் தளத்தில் பதிந்துகொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், அசல் உங்கள் பையில் இருக்க வேண்டும்.

என் கையால தவிர தாத்தா சாப்பிட மாட்டேங்கறார். லீவு எடுக்க மனசே வரல.

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். அவர் உங்கள் கைக்குப் பழகியது உண்மை. வேறு கைக்கும் பழகுவார் என்பதும் உண்மை. ஆனால் தானாக நடக்காது, பழக்க வேண்டும். ரிலீவரை ஒருநாள் முன்னதாக வரச் சொல்லுங்கள். காலையில் நீங்கள் ஊட்டுங்கள், அவர் பக்கத்தில் உட்காரட்டும். மதியம் அவர் ஊட்டட்டும், நீங்கள் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள். இரவு நீங்கள் அறை வாசலில் நில்லுங்கள். மறுநாள் கிளம்புங்கள், சொல்லிக்கொண்டே கிளம்புங்கள், தூங்கும்போது நழுவ வேண்டாம்.

ஒரு தாளில் எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். எந்தப் பக்கம் மெல்லுவார், கஞ்சி எவ்வளவு கெட்டி, ஸ்பூனில் எந்த அளவு, விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் விட்டு அடுத்த வாய், "தாத்தா" என்றால் திரும்புவாரா, பழைய உத்தியோகத்தைச் சொல்லி "சார்" என்றால் திரும்புவாரா, எந்தப் பாட்டை வைத்தால் வாய் திறப்பார். முதல் லீவில் அவர் பாதிதான் சாப்பிடுவார். மூன்றாவது லீவுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும்.